மலையின் ஈரமும் மனத்தின் ஈரமும்



திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு மருமகளாக வாழப் போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மாதம், மலையெங்கும் அடைமழை. கொடியில் கிடக்கும் துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணு நாளாச்சு, இன்னும் ஈரமாத்தான் இருக்கு மாமி" என்கிறாள். அடுப்படியில் இருக்கும் மாமியார், "விறகும் ஈரம்தாம்மா, பத்தவே மாட்டேங்குது" என்கிறார். உள்ளறையிலிருந்து மாமனார், "இந்தச் சுவர் ஈரம் ஏறிக் கிடக்கு. குர்ஆனை எடுத்து அந்தப் பக்கத்து அலமாரியில வைம்மா" என்று குரல் கொடுக்கிறார். அந்நேரம், மழையில் நனைந்த ஒரு வழிப்போக்கர் வாசலில் ஒதுங்குகிறார். மாமியார் அவருக்குக் காய்ந்த துண்டொன்றும் சூடான தேநீரும் கொடுத்து உட்கார வைக்கிறார். மழை விட்டதும் புறப்படும் அவர், "உங்களுக்கு ஈரமுள்ள மனசும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒரே காலைப் பொழுதில், ஒரே வீட்டில், ஒரே சொல் நான்கு முறை வந்துவிட்டது. முதல் மூன்றும் குறை, நான்காவது வாழ்த்து. துணியில் ஈரம் இருந்தால் முகம் சுளிக்கிறோம். மனத்தில் ஈரம் இல்லாவிட்டாலும் முகம் சுளிக்கிறோம். எங்கே இருந்தால் ஈரம் நல்லது, எங்கே இருந்தால் தீயது? அன்றாடம் நாம் எண்ணிப் பாராமல் புழங்கும் இச்சொல்லைச் சற்றே நின்று பார்ப்போம். அதற்கு ஏற்ற இடம் ஈரத்தாலேயே வாழும் பழநி மலைதான்.

ஒரு சொல்லின் குடும்பம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஈரம் என்னும் சொல்லுக்கு நீர்ப்பற்று, குளிர்ச்சி, அன்பு எனப் பல பொருள்களைத் தருகிறது. நீர்ப்பற்று என்றால் நீர் பற்றி நிற்பது, ஓடிப்போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இச்சொல்லின் சுற்றம் பெரியது. பழந்தமிழில் துணி வெளுப்பவருக்கு ஈரங்கொல்லி என்றொரு பெயர் இருந்தது. துணியின் ஈரத்தைப் போக்குவதையே ஒரு தொழிலின் அடையாளமாகக் கண்டிருக்கிறார்கள்! நாம் சமைக்கும் வெங்காயத்திற்கு ஈரவெங்காயம் என்று பெயருண்டு. இலங்கைத் தமிழர் சமைத்துண்ணும் ஒரு காய்க்கு ஈரப்பலா என்று பெயர். விதைப்பவர் மண்ணில் ஈரப்பதம் பார்க்கிறார். வீடு கட்டுபவர் ஈரக்கசிவைக் கண்டு அஞ்சுகிறார். திடுக்கிடும் செய்தி கேட்ட தாய், "என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு" என்கிறாள். ஈரற்குலை என்பதே மக்கள் வாயில் ஈரக்குலை ஆயிற்று.

பழமொழிகளும் இச்சொல்லை விடவில்லை. சொன்ன சொல்லை நொடியில் மாற்றிப் பேசுபவரைக் கண்டு, 'ஈர நாவுக்கு எலும்பில்லை' என்றனர் முன்னோர். அன்பு காட்டுவதுபோல் காட்டிக் கெடுப்பவனை, 'ஈரத்துணி போட்டுக் கழுத்தறுப்பவன்' என்றனர். குளிர்ச்சியும் ஏமாற்றும் ஒன்றாக வரும்போது அதற்கும் இந்தச் சொல்லே உதவியிருக்கிறது.

திருவள்ளுவர் இனியவை கூறல் என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், இனிய சொல்லுக்கு இலக்கணம் வகுக்கையில், அன்பு என்னும் பொருளில் ஈரம் என்னும் சொல்லையே ஆள்கிறார். கயமை என்னும் அதிகாரத்திலோ, உண்டு கழுவிய கையின் ஈரத்தைக்கூடப் பிறர்க்கென உதறாத கீழ்மக்களைக் காட்டுகிறார். ஓரிடத்தில் ஈரம் நெஞ்சில் இருக்கிறது. மற்றோரிடத்தில் கையில் இருக்கிறது. நெஞ்சில் ஈரமில்லாதவனுக்குக் கையிலுள்ள ஈரத்தையும் கொடுக்க மனம் வராது என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது நமக்குக் கிடைக்கும் பாடம்.

காற்று சுமக்கும் ஈரம்

அந்த மருமகளின் துணிகள் ஏன் காயவில்லை? மழை பெய்வது மட்டும் காரணமன்று. காற்று சுமக்கக்கூடிய நீராவிக்கு ஓர் அளவு உண்டு. வெப்பம் குறையக் குறைய அந்த அளவும் குறையும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக்கு வந்துவிட்டால் ஏறத்தாழ 9 கிராம்தான் தாங்கும். திண்டுக்கல்லின் சூடான காற்று, துணியிலுள்ள நீரை வாங்கிக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. கொடைக்கானலின் குளிர்காற்றோ ஏற்கெனவே நிறைந்த பாத்திரம்; அதில் மேலும் ஊற்ற இடமில்லை.

மலைக்கு மழை வருவதும் இதே கணக்கினால்தான். கடலிலிருந்தும் சமவெளியிலிருந்தும் நீராவியைச் சுமந்து வரும் காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிரக் குளிரச் சுமையைத் தாங்க முடியாமல் மஞ்சாகவும் மழையாகவும் இறக்கி வைக்கிறது.

கொடைக்கானலில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தைச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்ததனால் உலகப் புகழ்பெற்ற இடம் அது. அங்குள்ளோர் வானத்தைப் பார்த்ததோடு நில்லாமல் காற்றையும் மழையையும் அளந்து குறித்தார்கள். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் பழைய முறை மிக எளிது. இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிடுவார்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியாக இருந்தால் காற்று வறண்டிருக்கிறது என்று பொருள்; வேறுபாடே இல்லையென்றால் காற்று நிறைந்துவிட்டது என்று பொருள். ஆக, ஈரத்தை அளக்க அறிவியலுக்கும் ஓர் ஈரத்துணியே துணையாயிற்று.

குவியலுக்குள் மறைந்த ஈரம்

கொடைக்கானலிலிருந்து சற்றுக் கீழே இறங்குங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பகுதிகளில் காப்பியும் மிளகும் விளைகின்றன. மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு விளைகிறது; கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்த ஊர்களில் விளைபொருளின் விலையைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று ஈரம். பறித்த பச்சை மிளகின் எடையில் பெரும்பகுதி நீர்தான். நன்கு காய்ந்தால்தான் அது பூஞ்சணம் பிடிக்காமல் தாங்கும். கைதேர்ந்த வியாபாரி ஒரு மிளகைக் கடித்துப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவார். சமவெளியில் அரசு நெல் கொள்முதல் நிலையங்களிலும் இதே கதைதான். ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. மழைக்காலத்தில் விவசாயியின் கண்ணீருக்கு இந்த ஓர் எண் போதும்.

பழநியைச் சுற்றிய மலைகளில் விளையும் விருப்பாச்சி மலைவாழைப்பழத்திற்கோ, ஈரம் குறைவாக இருப்பதே பெருமை. நீர்ப்பசை குறைந்த பழமாதலால்தான் பழநிப் பஞ்சாமிர்தத்திற்கு அதைத் தேடி வாங்கினார்கள். சேர்த்த பண்டம் விரைவில் கெடுவதில்லை.

வாணிகத்தில் ஈரம் எடையைக் கூட்டும். எடை கூடினால் பணம் கூடும். ஆகவே ஈரத்தை ஒளிக்கும் ஆசையும் அங்கேதான் பிறக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஸஹீஹ் முஸ்லிம் நூலில் அது பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

கவனியுங்கள்: தானியம் நனைந்தது குற்றமாக்கப்படவில்லை. மழை யாருக்கும் கட்டுப்பட்டதன்று. ஈரத்தை மறைத்ததுதான் குற்றம். ஆக, ஈரத்தில் நன்மை தீமையை நிர்ணயிப்பது நீரன்று. அதை வைத்திருப்பவரின் எண்ணமே.

வாங்கி வைத்து வழங்கும் மலை

இனி, மலையின் உச்சிக்கே செல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளையே பழநி மலை. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதன் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆயினும் மாசியிலும் பங்குனியிலும் ஓடைகளில் தண்ணீர் சலசலக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் நீருக்கும் ஈரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். மொட்டைப் பாறையில் மழை பெய்தால் பாறை நனைகிறது. மழை நின்ற சிறிது நேரத்தில் காய்ந்துவிடுகிறது. நனைவது வேறு, ஈரம் கொள்வது வேறு. ஈரம் கொள்வதற்கு உள்ளே இடம் வேண்டும்.

பழநி மலைக்கு அந்த இடத்தைத் தந்தவை இரண்டு. ஒன்று, பள்ளத்தாக்குகளில் அடர்ந்திருக்கும் சோலைக்காடு. ஆங்கிலேயரும் இதற்கு வேறு பெயர் தேடாமல் நம் சோலை என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். உயரம் குறைந்த மரங்கள், நெருங்கிய கிளைகள், அடிமரமெங்கும் பாசி, கீழே உதிர்ந்த இலைகள் மக்கிய கறுப்பு மண். மஞ்சு வந்து மோதினாலே இலைகள் அதைத் துளிகளாக்கிச் சொட்டும். மற்றொன்று, மேட்டுச்சரிவுகளில் விரிந்திருந்த புல்வெளி. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் புல். ஆனால் அதன் வேர்ப்பின்னல் மழையை ஓடவிடாமல் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது. சோலையும் புல்வெளியும் சேர்ந்து, மழையை வாங்கி, வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. அகராதி சொன்ன நீர்ப்பற்று இதுதான்!

அவ்வாறு கசிந்த ஈரமே ஆறாகிறது. வடசரிவில் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு என இறங்கும் நீர் அமராவதி வழியே காவிரியைச் சேர்கிறது. தென்சரிவில் வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவை வைகையை நாடுகின்றன. பேரிஜம் ஏரியின் நீர் பெரியகுளத்து மக்களின் தாகம் தீர்க்கிறது. மலையடிவார ஆத்தூரில் உள்ள காமராசர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. கொடைக்கானல் என்னும் பெயருக்குக் காரணம் பலவாறாகச் சொல்லப்படும். எக்காரணம் உண்மையாயினும், கொடை என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஈகை என்றே பொருள். பெயருக்கேற்ற மலைதான்!

ஆனால் அந்த ஈகைக்கு இடையூறு வந்துவிட்டது. புல்வெளியை வீண்நிலம் என்று கருதிய காலமொன்று இருந்தது. விறகுக்கென்றும், காகிதக்கூழுக்கென்றும், தோல் பதனிடும் பட்டைக்கென்றும் அயல்நாட்டு மரங்கள் அதில் நடப்பட்டன. மலைமக்கள் சீகை என்றழைக்கும் வாட்டில் மரமும், யூகலிப்டஸும், பைன் மரமும் மலைச்சரிவுகளை நிறைத்தன. விரைந்து வளரும் மரம் விரைந்து நீர் குடிக்கும். சீகையோ நட்ட இடத்தில் நில்லாமல், விதை உதிர்த்துத் தானாகவே பரவும்.

தோல் தொழிலோடு உறவுடைய குடும்பமாக உங்களுடையது இருக்கலாம். திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம்மவர் பலரை வாழவைத்த தொழில் அது. சீகைப் பட்டையின் துவர்ப்பு அத்தொழிலுக்குத் தேவைப்பட்ட ஒன்றுதான். யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நட்டவர்கள் தீங்கு எண்ணி நடவில்லை. பச்சையாகத் தெரிவதெல்லாம் ஈரம் என்று எண்ணிவிட்டார்கள், அவ்வளவே.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாற்பதாண்டுக் காலத்தில் பழநி மலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் காட்டியது. மரத்தோட்டங்களும் விளைநிலங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. தொலைவிலிருந்து பார்த்தால் மலை இன்றும் பச்சைதான். சுற்றுலாப் பயணிக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் தண்ணீருக்காக மலையை நம்பியிருக்கும் அடிவாரத்து ஊர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

நம்பிக்கையிழக்கவும் வேண்டியதில்லை. 1985இல் தொடங்கப்பட்ட பழநி மலைப் பாதுகாப்புக் குழு போன்ற அமைப்புகள் சோலை மரக்கன்றுகளை வளர்த்து நடும் பணியில் ஈடுபட்டன. 2013இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பு, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இழந்த ஈரத்தை மீட்பது மரம் நடுவது போல ஒருநாள் விழாவன்று. மண் மறுபடியும் நீரைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொள்ளப் பல்லாண்டு ஆகும்.

ஈர நாவும் ஈரலும்

மலையைப் பார்த்த கண்ணோடு இனி நம்மைப் பார்ப்போம்.

ஒளுச் செய்யும்போது தலைக்கு நீரை ஊற்றுவதில்லை. நனைந்த கையால் தடவுகிறோம். அந்த ஈரமே போதுமானது. நபிகளார் ஒளுச் செய்யப் பயன்படுத்திய நீர் ஒரு முத்து அளவு என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது, ஒரு லிட்டர்கூட இல்லை. நம் வீட்டுக் குழாயடியில் எவ்வளவு போகிறது என்பதை ஒருநாள் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்.

அரபு மொழியில் ஈரமானதைக் குறிக்க ரத்ப் என்பார்கள். நோன்பு திறக்க நாம் விரும்பும் கனிந்த பேரீச்சம்பழத்தின் பெயரான ருதப் என்பதும் அதே வேரில் கிளைத்ததே. அந்தச் சொல் இரு ஹதீஸ்களில் வருவதைக் கேளுங்கள். மார்க்கக் கடமைகள் பலவாக இருக்கின்றன, உறுதியாகப் பற்றிக்கொள்ள ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒருவர் வேண்டியபோது, இறைவனை நினைவுகூர்வதால் நாவு எப்போதும் ஈரமாக இருக்கட்டும் என்ற கருத்தில் நபிகளார் விடையளித்ததாகத் திர்மிதீ நூலில் காண்கிறோம். எலும்பில்லாத ஈர நாவைத் தமிழ்ப் பழமொழி கண்டித்தது. அதே நாவின் ஈரத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை இந்த அறிவுரை காட்டுகிறது.

மற்றொன்று புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் நிகழ்ச்சி. தாகத்தோடு நடந்த ஒரு மனிதர் கிணற்றில் இறங்கி நீர் அருந்தினார். மேலே வந்தால், அங்கே ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, தாகம் தாளாமல் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. தாம் பட்ட பாட்டையே அதுவும் படுகிறது என்று உணர்ந்த அவர், மீண்டும் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து, நாய்க்குப் புகட்டினார். இறைவன் அவரை மன்னித்தான். விலங்குகளுக்கு இரங்குவதற்கும் நற்கூலி உண்டா என்று தோழர்கள் வினவினார்கள். ஈரமான ஈரலுடைய ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவிக்கு நற்கூலி உண்டு என்பது பெருமானாரின் விடை.

ஈரமான ஈரல்! உயிருள்ளதை ஈரமுள்ளது என்றே அரபுமொழி அங்கே அழைக்கிறது. அச்சத்தில் நடுங்குவதை ஈரக்குலை என்று நம் தாய்மார் சொல்வதற்கும் அதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். தமிழ் எங்கே, அரபு எங்கே! உயிர் என்றால் ஈரம் என்பதில் இரண்டும் ஒன்றுபட்டுவிட்டன.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். துணியிலும் சுவரிலும் விறகிலும் ஈரம் தங்குவது குறை; அவை அதை வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுப்பதில்லை. தானியக் குவியலுக்குள் ஒளித்த ஈரமோ பாவம். அது பிறரிடமிருந்து பறிக்கிறது. மண்ணிலும் நாவிலும் நெஞ்சிலும் தங்கும் ஈரம்தான் அருள். அது வாங்கியதை வைத்திருந்து, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் வழங்குகிறது.

அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் செல்வீர்களானால், 1863இல் அமைக்கப்பட்ட ஏரியில் படகு விடுங்கள். அதன் உபரிநீர் இறங்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியையும் பாருங்கள். அத்தோடு, சாலையோரச் சோலை ஒன்றின் அருகே குழந்தைகளை நிறுத்தி, பாசி படிந்த மரமொன்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஒட்டும் அந்தக் குளிர்ச்சிதான் சித்திரை மாதத்தில் அடிவாரத்து வீடுகளின் குடத்துக்கு வந்து சேர்கிறது என்று விளக்குங்கள். குப்பையை மலையில் விட்டுவராமல் திரும்புங்கள்.

வீட்டுக்கு வந்தபின், மழைநாளில் யாரேனும் வாசலில் ஒதுங்கினால், காய்ந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கக் குழந்தைகளையே அனுப்புங்கள். ஈரம் என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியைப் புரட்ட வேண்டியிராது.